அரசர் முன் மூன்று நொடி

பிப்ரவரி 4

கட்டெறும்புக்கு,

நாட்டின் பிரதமரை இப்படி அழைத்து எழுதலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள். கவரின் மேல் 'மாண்புமிகு' போட்டாயிற்று, உள்ளே என் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உன் செயலாளர் எடுத்து, "என்ன விஷயமா பேசணும்?" என்கிறார். தங்கச்சி சாப்பிட்டாளா என்று கேட்க இன்னொருவரிடம் அனுமதி வாங்குவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

அடுத்த மாதம் நீ அந்த அரசரைப் பார்க்கப் போவதாகப் பேப்பரில் படித்தேன். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்பு வரை நம்மை ஆண்ட குடும்பம். பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி. அந்த அரண்மனையில் விருந்தாளி இடுப்பு வரை குனிய வேண்டுமாம். இதற்கு முன் போன நம் தலைவர்கள் யாரும் குனியவில்லை, கைகொடுத்துவிட்டு வந்தார்கள், இந்தத் தடவை என்ன ஆகும் என்று கேள்விக்குறி போட்டு முடித்திருக்கிறார்கள்.

ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் இதே பேச்சுதான். நேற்று கான்டீனில் ஒரு ஃபிட்டர் கேட்டார். "செக்ரட்டரி, உங்க தங்கச்சி குனிவாங்களா, மாட்டாங்களா?" நான் சங்கத்தின் செயலாளர், பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. "அவ எனக்கே குனிஞ்சதில்லைய்யா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ எதற்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் துறைமுகத்தில் வேலைக்குப் போன நம் ஆட்கள் முப்பத்தேழு பேர் அங்கே ஜெயிலில் இருக்கிறார்கள். அதில் ஒருவன் உன் அண்ணியின் தம்பி, நம் வீட்டில் வளர்ந்தவன். கிரேன் கயிறு அறுந்து இரண்டு பேர் செத்தபோது, மேலே போர்த்த துணி கிடைக்காமல், வாசலில் கட்டியிருந்த அரசர் படம் போட்ட பேனரை இறக்கிப் போர்த்தினார்கள். அதுதான் குற்றம். அரசரை அவமதித்தார்கள் என்று ஏழு வருஷம். பேனரை இறக்கியவன் நம் பையன்தான்.

அவன் வர வேண்டும் என்று எனக்கு இல்லையா? இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நீ குனியப் போவதில்லைதானே?

அண்ணன்

* * *

பிப்ரவரி 11

அண்ணா,

சாப்பிட்டேன். செயலாளரிடம் சொல்லிவிட்டேன், இனி உன் குரலைக் கேட்டால் கேள்வி கேட்க மாட்டார்.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே நடப்பதைச் சொல்கிறேன், நீயே பார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வரவேற்பு முறைகளைக் கவனிக்கும் அதிகாரி என் அறைக்கு வந்தார். நல்ல கனத்த மனிதர், நடந்தால் மரத்தரை முனகும். ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இப்ப நான்தான் ராஜா. நீங்க கதவுலேர்ந்து நடந்து வாங்க" என்றார். ஏழு அடி நடந்து நின்றேன். பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெளியுறவுச் செயலர், "கை மட்டும் கொடுங்க, போதும்" என்றார். அதிகாரி, "கழுத்து மட்டும் அசையட்டும். இடுப்பு அசையக் கூடாது. வயசுல பெரியவருக்கு மரியாதைன்னு சொல்லிக்கலாம்" என்றார். அப்படிச் செய்து பார்த்தேன். எதையோ விழுங்கிய கோழி மாதிரி இருந்தது. தட்டச்சு செய்யும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சிரித்து முடித்த பிறகு செயலர் கதவைச் சாத்தினார். அரண்மனையிலிருந்து வந்த தகவலைச் சொன்னார். அண்ணா, இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது, அண்ணியிடம்கூட. அந்த நாட்டுச் சட்டப்படி மன்னிப்பு கொடுக்கும் அதிகாரம் அரசருக்கு மட்டும்தான். அந்த வேண்டுகோளை 'உரிய முறைப்படி' நேரில் வைக்க வேண்டும். உரிய முறை என்றால் இடுப்பு வரை. கைகொடுத்துவிட்டுக் கேட்டால், அது கேட்டதாகவே கணக்கில் வராது. இப்படி ஒரு நிபந்தனை இருப்பது வெளியே தெரிந்தாலும் எல்லாம் முடிந்தது, ஒருவரையும் விட மாட்டார்கள்.

என் மேசையில் முப்பத்தேழு பேரின் புகைப்படங்களும் இருக்கின்றன. எல்லாம் வேலைக்குப் போகும்போது எடுத்தவை, எல்லோரும் தலைசீவி விறைப்பாக இருக்கிறார்கள். அண்ணியின் தம்பி மட்டும் சிரித்துவிட்டிருக்கிறான்.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தங்கை

* * *

பிப்ரவரி 15

கட்டெறும்புக்கு,

இதை எனக்கு ஏன் சொன்னாய்? நேற்று முழுக்க உன் அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் லேத் ரிப்பேர் என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்தேன்.

உனக்கு அப்போது ஐந்து வயது, நினைவிருக்காது. எனக்குப் பன்னிரண்டு. கவர்னர் ஆபீஸில் அப்பா லிஃப்ட் இயக்கினார். கவர்னர் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை குனிய வேண்டும். அது வேலை, சரி. சுதந்திரம் வந்த அன்று கவர்னர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கக் கீழே கூட்டமான கூட்டம். நானும் படிக்கட்டில் நின்றேன். புதுக்கொடி மேலே ஏறிவிட்டது. லிஃப்ட் கதவு திறந்தது. கவர்னர் வெளியே வந்தார். நம் அப்பா குனிந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அப்பா தலையைத் தூக்கும் முன்பே நான் ஓடி வந்துவிட்டேன். அவர் சாகும் வரை அதைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை.

நீ குனிந்தால் நீ மட்டுமா குனிகிறாய்? உன் முதுகோடு எங்கள் எல்லோர் முதுகையும் சேர்த்து வளைக்கிறாய், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல். அந்த முப்பத்தேழு பேரையும் கேட்டுப் பார். எங்களுக்காக நீங்கள் குனிய வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நான் வளர்த்த பையனை எனக்குத் தெரியும்.

அண்ணியைக் கேட்டாயா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. பயம்தான்.

நீ குனிந்தால் நான் மேடையில் உனக்கு எதிராகப் பேசுவேன். பிறகு, அண்ணன் முதுகில் குத்திவிட்டான் என்று சொல்லாதே. இப்போதே முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

அண்ணன்

* * *

மார்ச் 2

அண்ணா,

விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை எட்டு மணி. பதினொன்றுக்கு அரண்மனை.

நீ அப்பாவிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். எனக்கு இருபது வயது இருக்கும், ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அன்னைக்கு ஏம்ப்பா குனிஞ்சீங்க? அண்ணன் இன்னும் அதை மறக்கல" என்றேன். "எனக்கே தெரியலம்மா. கதவு திறந்துச்சு, உடம்பு குனிஞ்சிருச்சு. நிமிந்ததுக்கு அப்புறம்தான் இனிமே வேண்டாமேன்னு ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் பாத்தா பையனைக் காணோம்" என்றார்.

இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு. சொன்னால் உனக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தேன்.

ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டேன், ஆச்சரியமாக இருக்கிறது. நான் குனிந்தால் அது பழக்கத்தில் குனிந்ததாக இருக்காது. தெரிந்து, யோசித்து, எதற்காக என்று மனதில் வைத்துக்கொண்டு குனிந்ததாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நீ மேடை ஏறு. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கை

* * *

மார்ச் 6

பிரதமர் அவர்களுக்கு,

படம் வந்துவிட்டது. முதல் பக்கம், முக்கால் பக்கம். உன் முகம்கூடத் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. கான்டீன் சுவரில் யாரோ ஒட்டியிருந்தார்கள். கிழிக்கப் போனேன். கிழித்தால் தங்கச்சி என்பதால் கிழித்தான் என்பார்கள். ஒட்டியபடியே விட்டுவிட்டேன். அதற்கு எதிரே உட்கார்ந்து மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன்.

சொன்னபடி பேசினேன். ஒர்க்‌ஷாப் வாசலில் போட்ட கூட்டத்தில் எண்ணூறு பேர் இருப்பார்கள். "ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டு ராஜாவுக்குக் குனிஞ்சா, அந்த நாட்டுல பொறக்கப் போற குழந்தையும் குனிஞ்சே பொறக்கும்" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. தீர்மானத்தில் 'அடிமைச் செயல்' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். கீழே என் கையெழுத்து.

நிபந்தனை பற்றி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பேசினீங்களாம்" என்றாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள்.

உன் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாமே.

அண்ணன்

* * *

மார்ச் 10

அண்ணா,

ஆமாம். இருபத்தெட்டாம் தேதி ஓட்டெடுப்பு.

படத்தில் இல்லாததைச் சொல்கிறேன். நீண்ட கூடம். போட்டோ எடுப்பவர்களைக் கயிறு கட்டி ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நடந்தேன், நின்றேன், குனிந்தேன். மூன்று நொடி. தரையில் ஒரு கல் மட்டும் மற்றதைவிட வெளுத்திருந்தது, புதிதாக மாற்றியிருப்பார்கள். அதைத்தான் பார்த்தேன். நாடு, மானம், வரலாறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. முதுகெலும்பில் ஒரு சொடக்கு. அந்தக் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு உள்ளறையில் நானும் அவரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும். அரசருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒரு காது கேட்காது. முதலில் அவர் சொன்னது இது: "என் தந்தைக்கு அது பிடிக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை."

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் எப்படிச் சொல்ல. அப்படியானால் நிபந்தனை போட்டது யார்? சுற்றி இருப்பவர்கள். அவருக்காக, அவரைக் கேட்காமல். நீ எழுதினாயே, எங்களைக் கேட்காமல் என்று, அது அப்போது ஞாபகம் வந்தது.

பேனர் விஷயத்தைச் சொன்னேன். அவமதிப்பு என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எதன் மேல் போர்த்தினார்கள் என்று சொல்லவில்லை. நான் சொன்னதும் மொழிபெயர்ப்பாளரை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். பிறகு விடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஆனால் வாக்கு அவருடையது, காகிதம் அமைச்சர்களுடையது. ஒவ்வொரு கைதியும் 'செய்ததற்கு வருந்துகிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். முப்பத்தாறு பேர் போட்டுவிட்டார்கள்.

போடாதவன் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. "செத்தவனுக்குப் போத்தினதுக்கு வருத்தம்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று நம் தூதரிடம் கேட்டிருக்கிறான். அவன் போடாவிட்டால் மற்றவர்கள் வருவார்கள், அவன் ஏழு வருஷமும் இருப்பான். அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை கெடு.

தூதர் இந்த வாரம் அண்ணிக்கும் தெரியப்படுத்துவார். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கை

* * *

மார்ச் 19

கட்டெறும்புக்கு,

உன் கடிதமும் தூதரின் தந்தியும் ஒரே நாளில் வந்தன. உன் அண்ணி தந்தியைப் படித்துவிட்டு எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நாளைக்கப்புறம் அன்றுதான் என்னிடம் பேசினாள்.

"நீங்க எழுதினா அவன் போடுவான்."

"நான் எப்படி எழுதுறது? அவன் சொல்றது நியாயம்."

"நியாயம்தான். யார் இல்லேன்னாங்க? ஆறு வயசுல இந்த வீட்டுக்கு வந்தான். உங்களைப் பாத்துத்தான் நடந்தான், உங்களைப் பாத்துத்தான் பேசினான். இப்ப உள்ள உக்காந்துக்கிட்டு, மாமா என்ன நெனைப்பாரோன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான். அவனை உள்ள வச்சிருக்கிறது அந்த ராஜா இல்ல. நீங்க."

இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை இப்படிப் பேசியதில்லை.

நான் மறுத்தேன். எழுந்து வெளியே போனேன். மறுநாளும் மறுத்தேன். மூன்றாவது நாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சக்கரத்தைக் கடைந்துகொண்டிருந்தேன், அளவு தப்பிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஐந்து தாள் கிழித்தேன். நியாயம், மானம், போராட்டம் என்று எதை எழுதினாலும் மேடைப் பேச்சாகவே வந்தது. கடைசியில் நாலு வரி: 'நீ செய்தது சரி. அதற்கு வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடு. வீட்டுக்கு வா. இதைச் சொல்வது நான். மாமா.'

நீ மூன்று நொடி குனிந்ததற்கு எண்ணூறு பேர் முன்னால் என்ன பேசினேன். நான் இந்த நாலு வரிக்கு மூன்று நாள் குனிந்திருக்கிறேன், ஒருவரும் படம் எடுக்கவில்லை.

கூட வைத்திருக்கும் கவரை அவன் கையில் சேர்த்துவிடு. தபாலில் போட்டால் அங்கே பிரித்துவிடுவார்கள்.

அண்ணன்

* * *

மார்ச் 22

அண்ணா,

கவர் இன்று காலை தூதரக ஆள் கையோடு போயிற்று. நான் பிரிக்கவில்லை.

குனிந்ததன் காரணத்தைச் சபையில் சொல்லிவிட்டால் ஓட்டெடுப்பில் தப்பிக்கலாம் என்று எங்கள் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஏதோ ஒன்று இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள், என்ன என்று தெரியாது. நம் ஆட்கள் விமானம் ஏறும் வரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அண்ணியிடம் சொல், நன்றாகச் சாப்பிடச் சொல்.

தங்கை

* * *

ஏப்ரல் 14

கட்டெறும்புக்கு,

நாலே ஓட்டில் தோற்றுவிட்டாய். ரேடியோவில் கேட்டபோது உன் அண்ணி அழுதாள். நான் ரேடியோவை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றேன். அதில் இரண்டு ஓட்டாவது எங்கள் தீர்மானத்தைப் படித்துவிட்டுப் போட்டதாக இருக்கும். உனக்கு அன்றே எழுத நினைத்தேன், கை வரவில்லை.

நேற்று முன்தினம் வந்துவிட்டார்கள். முப்பத்தேழு பேரும். விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவன் கடைசியில் வந்தான். பாதி ஆளாகிவிட்டான், காதோரம் நரைத்திருக்கிறது. உன் அண்ணி அவன் தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினான். என்னைத் திட்டுவான், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

"மாமா, உங்க கடுதாசியைப் படிச்சிட்டு அழுதுட்டேன்" என்றான்.

"கோவமாடா?"

"கோவமா? யாராச்சும் போடச் சொல்ல மாட்டாங்களான்னு ரெண்டு வாரமா உக்காந்திருந்தேன். மத்தவங்க சொன்னாக் கேக்க முடியல. நீங்க சொல்லிட்டீங்க. அன்னைக்குத்தான் தூங்கினேன்."

அவனுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இன்று சங்கக் கூட்டத்தைக் கூட்டினேன். நிபந்தனையைச் சொன்னேன், என் நாலு வரியையும் படித்துக் காட்டினேன். "ஒரு நாட்டுத் தலைவர் வெளிநாட்டு ராஜாவுக்குக் குனியக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கும் அதையேதான் சொல்றேன். ஆனா 'அடிமை'ங்கிற வார்த்தையை எடுக்கணும். அதை எழுதினது நான். அது எனக்கே பொருந்தல, என் தங்கச்சிக்கு எப்படிப் பொருந்தும்?" என்றேன். அரை மணி நேரம் சண்டை. வார்த்தையை எடுத்தார்கள். செயலாளர் பதவியை விடுகிறேன் என்றேன், உட்காருய்யா என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் சொன்னதில் பாதி இன்னும் எனக்குச் சரி என்றுதான் படுகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்பது மற்றப் பாதிக்கு. முழுசாகக் கேட்டால் பொய்யாகிவிடும்.

அண்ணன்

* * *

மே 9

அண்ணா,

முழுசாகக் கேட்டிருந்தால் அதை எழுதியது நீ இல்லை என்று நினைத்திருப்பேன். பாதி போதும்.

பிரதமர் வீட்டைக் காலி செய்து பழைய வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. சபையில் இப்போது மூன்றாவது வரிசையில் உட்காருகிறேன், அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய பின்தலையும் தெரிகிறது.

நேற்று புதிய அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. நம் பிரதமரோ அமைச்சரோ தூதரோ எந்த வெளிநாட்டு அரசர் முன்னாலும் குனியக் கூடாது, கைகொடுக்கலாம், அவ்வளவுதான். என்னைக் குத்திக் காட்டத்தான் கொண்டுவந்தார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஆதரித்துக் கை தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர் பதறி, "அம்மா, இது உங்களைக் குறி வச்சுக் கொண்டாந்தது" என்று கிசுகிசுத்தார். "தெரியும்" என்றேன்.

உனக்குக் காரணம் சொல்கிறேன். அரண்மனையின் நிபந்தனை வந்தபோது, மறுப்பதற்கு என் கையில் என் மனசைத் தவிர வேறொன்றும் இல்லை. முப்பத்தேழு புகைப்படங்களுக்கு முன்னால் என் மனசு எம்மாத்திரம்? இனிமேல் போகிறவர் சொல்லிவிடலாம்: 'ஐயா, நானாக இருந்தால் குனிந்துவிடுவேன், எங்கள் சட்டம் விடாது.' அதற்கு மேல் அவர்களும் வேறு வழியைத்தான் தேட வேண்டும். உன் தீர்மானத்தில் இது இருந்திருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணியின் தம்பியைப் பார்க்க வேண்டும், அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அன்று உள்ளறையில் வாக்குக் கொடுத்துவிட்டு, அரசர் தன் பேனாவை எடுத்து ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். செத்துப்போன அந்த இரண்டு பேரின் பெயர் என்ன என்று கேட்டார். உயிரோடு இருந்த முப்பத்தேழு பேரின் பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த இரண்டு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர் பேனாவைத் திறந்தபடியே காத்திருந்தார்.

குனிந்ததற்கு நான் ஒரு நாளும் வெட்கப்படவில்லை அண்ணா. பெயர் தெரியாமல் நின்றதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவனுக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். கேட்டு எழுதி அந்த அரசருக்கு அனுப்ப வேண்டும்.

தங்கை